தரங்கம்பாடி, அடைமழை

நவம்பர் 3
மழை. பூச்சு வேலை கிடையாது.

நவம்பர் 4
உப்பு மறுபடி பூத்திருக்கிறது. ராஜ வீதிப் பழைய கட்டடச் சுவரில், இடுப்பு உயரம் வரை. எப்போதோ யாரோ சிமெண்ட் பூசிய பலன். சுண்ணாம்புச் சாந்து ஓதத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. தரையிலிருந்து ஏறும் உப்புத்தண்ணி செங்கலுக்குள்ளேயே காய்ந்து, உப்பு கட்டி, செங்கலின் முகத்தை உரித்துவிடும். கொத்திப் பார்த்தால் சிமெண்ட் முழுசாக நிற்கிறது. பின்னால் செங்கல் புட்டு மாதிரி உதிர்கிறது.

நவம்பர் 6
சிமெண்டைக் கொத்தி எடுத்தாயிற்று. இனி காகிதக்கூழை விரற்கடை கனத்துக்கு அப்ப வேண்டும். காயக் காய உப்பை இழுத்துக்கொள்ளும். உரித்ததைச் சுவரடியில் போடக்கூடாது. அடுத்த மழைக்கே உப்பு திரும்பிவிடும். ஒரு தடவை அப்பினால் போதாது. இந்த ஈரக்காற்றில் எப்போது காய?

கூழுக்கு நிறையக் காகிதம் வேண்டும். காகிதக் கஷ்டம் இந்த ஊருக்குப் பழசு. 1706 ஜூலை 9இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிசு, காகிதத்தைத் தின்றன. சின்ன எழுத்தை இங்கேயே வார்த்துத்தான் 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையும் போட்டார்கள். அவர் கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள். 1718இல் கட்டியது, மறு வருஷமே போய்விட்டார், வயது 36.

நவம்பர் 7
கடல் இரைச்சல் ராத்திரி முழுக்க.

நவம்பர் 8
வருகிறவர்கள் டான்ஸ்போர்க் கோட்டையில் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க டேனியர் கட்டியது, எல்லாம் சரி. கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. எனக்கு ஊரின் மூத்த சாட்சி அதுதான், கோட்டை இல்லை.

நவம்பர் 10
கூழ் காயவில்லை. மழை.

நவம்பர் 12
கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று ஒரு யோசனை வந்தது. கூடவே கூடாது. அதுவே உப்பு. ஆற்று மணலைத்தான் அலசிச் சலிக்க வேண்டும். முதல் பூச்சுக்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் அளவாக. வெல்லம் மிஞ்சினால் எறும்பு.

நவம்பர் 14
வானம் வெளுத்திருக்கிறது. பூசுமுன் செங்கலை நனைக்காவிட்டால் சாந்தின் தண்ணியை உறிஞ்சி, பூச்சு வெடிக்கும். வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு என்கிறார்கள். பச்சைப் பூச்சில் மழை அடித்தால் எல்லாம் வழிந்துவிடும். தார்ப்பாய் இரண்டு போதாது.