நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே குறிப்பு எழுதி வைப்பது: எது நின்றது, எது நிற்கவில்லை

இணையதளத்தைக் கட்டிக் கொடுத்தபின் ஒரு பிடிஎஃப் கையேடும் கொடுப்பது வழக்கம். அதை யாரும் திறப்பதில்லை. படம் ஏற்றுகிறவருக்கு அளவு பற்றிய சந்தேகம் வருவது படம் ஏற்றும் பொத்தானுக்குப் பக்கத்தில்தான். பதிலும் அங்கேயே இருக்க வேண்டும். இணையதளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நிர்வாகப் பகுதியில் இதற்கு இடங்கள் பல உண்டு. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததின் பதிவு இது.

முதலில், குறிப்புகளைக் காட்டும் நிரலின் கோப்பை எங்கே வைப்பது என்பது. தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பின்) ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதினால், தீம் மாறும் அன்று குறிப்புகளும் போய்விடும். டபிள்யூபி-கன்டென்ட் அடைவுக்குள் மு-பிளகின்ஸ் என்று ஓர் அடைவு உருவாக்கி, அதில் ஒரே பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) கோப்பாகப் போட்டுவிடுவது நல்லது. அதை நிர்வாகத் திரையிலிருந்து யாரும் தவறுதலாக முடக்க முடியாது. ஒன்று கவனம்: அந்த அடைவில் நேரடியாக இருக்கும் கோப்புகள் மட்டுமே ஓடும். உள்ளடைவில் போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதில் ஒரு மணி நேரம் போவது சாதாரணம்.

முதல் முயற்சி, திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் ‘உதவி’ தாவல். 3.3 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஆட்_ஹெல்ப்_டேப் என்ற கட்டளை இருக்கிறது. தலைப்பு, ஐடி (தாவலின் அடையாளப் பெயர்), உள்ளடக்கம் மூன்றும் கொடுத்தால் போதும். இதில் தடுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, இப்போது எந்தத் திரை என்று சொல்லும் கெட்_கரண்ட்_ஸ்கிரீன் அழைப்பை அட்மின்_இனிட் ஹூக்கில் (ஹூக் என்பது நம் நிரலை நுழைக்க வேர்ட்பிரஸ் தரும் கட்டம்) போட்டால் வெறும் நல், அதாவது வெற்று மதிப்பு, கிடைக்கும், அதன்மேல் தாவல் சேர்க்கப் போனால் பக்கமே விழுந்துவிடும். கரண்ட்_ஸ்கிரீன் ஹூக்கில் அல்லது அதற்குப் பின்னால் வரும் அட்மின்_ஹெட்டில் போட வேண்டும். இரண்டாவது, ஐடியைத் தமிழில் கொடுத்தால் தாவல் வராது, பிழைச் செய்தியும் வராது. ஐடியிலிருந்து ஆங்கில எழுத்து, எண், கோடுகள் தவிர மற்றதெல்லாம் வடிகட்டப்படுகிறது. தமிழ் எழுத்து முழுவதும் போய், ஐடி காலியாகி, தாவல் சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. தலைப்பைத் தமிழில் வைக்கலாம், ஐடியை வைக்கக் கூடாது. மூன்றாவது, ஐடிக்கு ‘ஓவர்வியூ’ என்று பெயர் வைத்தால் வேர்ட்பிரஸின் சொந்தத் தாவலோடு மோதும். பின்னால் சேர்ந்தது முன்னதை அழிக்கும். ஐடிக்கு முன்னால் தளத்தின் சுருக்கப் பெயரை ஒட்டிவிட்டால் இந்த வம்பு இல்லை.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகுதான் பெரிய குறை தெரியும். பதிவு எழுதும் புதிய எடிட்டரான பிளாக் எடிட்டரின் திரையில் உதவித் தாவலே தெரியாது. பதிவுகளின் பட்டியல் பக்கத்தில் தெரியும், பதிவு எழுதும் இடத்தில் தெரியாது. அதிகம் தேவைப்படுவதோ பதிவு எழுதும் இடத்தில். நீளமான விளக்கத்தைப் பட்டியல் பக்கத்துத் தாவலில் வைத்துவிட்டு அடுத்த இடம் தேட வேண்டியதாயிற்று.

டாஷ்போர்டு விட்ஜெட், அதாவது உள்நுழைந்ததும் வரும் முதல் திரையில் ஒரு பெட்டி, எளிது. டபிள்யூபி_டாஷ்போர்டு_செட்டப் ஹூக்கில் ஓர் ஐடி, ஒரு தலைப்பு, அச்சிடும் ஃபங்ஷன் மூன்றும் கொடுத்தால் பெட்டி வந்து நிற்கும். 5.6 முதல் எந்த நெடுவரிசை, என்ன முன்னுரிமை என்பதையும் அதிலேயே சொல்லலாம். ஆனால் பயனர் ஒருமுறை பெட்டிகளை இழுத்து மாற்றியிருந்தால் அவருடைய வரிசை அவர் கணக்கிலேயே சேமிக்கப்படும், நம் முன்னுரிமை அங்கே செல்லாது. “எனக்கு மட்டும் மேலே வரவில்லை” என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான். விட்ஜெட்டில் வைக்கத் தகுந்தது ஐந்தாறு இணைப்புகள்: புதிய நிகழ்வு சேர்க்க, மெனு மாற்ற, யாரைக் கேட்க. அதற்கு மேல் எழுதினால் வீண்.

அறிவிப்புப் பட்டை, அதாவது அட்மின்_நோட்டீசஸ், கண்ணில் படுவதில் முதலிடம். எரிச்சல் தருவதிலும் அதுவே முதல். மூடும் குறி வரட்டும் என்று ஈஸ்-டிஸ்மிசிபிள் கிளாஸைச் சேர்த்தால் குறி வரும், அழுத்தினால் பட்டை மறையும், பக்கத்தை மறுபடி ஏற்றினால் திரும்பி வந்துவிடும். மூடியதை நினைவில் வைக்கும் வேலை நம்முடையது. அஜாக்ஸ் அழைப்பு (பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வருக்குச் செய்தி அனுப்புவது) ஒன்று வைத்து, பயனருக்குப் பயனர் தனியாக இருக்கும் யூசர் மெட்டாவில் எழுத வேண்டும். தளம் முழுவதற்கும் பொதுவான ஆப்ஷனில் எழுதினால் ஒருவர் மூடியதும் எல்லோருக்கும் மறைந்துவிடும். நிரந்தரக் குறிப்புக்குப் பட்டை ஏற்ற இடமே இல்லை. இரண்டு வாரத்தில் கண் அதைத் தாண்டப் பழகிவிடும், உண்மையான எச்சரிக்கை வரும் நாளிலும் தாண்டிப் போகும்.

கடைசியாக நின்றது, புலத்தை (தகவல் நிரப்பும் கட்டத்தை) ஒட்டிய குறிப்பு. சிறப்புப் படத்தை, அதாவது பதிவின் முதன்மைப் படத்தை, எடுத்துக்கொள்வோம். பழைய எடிட்டரில் அந்தப் பெட்டியின் எச்டிஎம்எல்லை மாற்ற அட்மின்_போஸ்ட்_தம்ப்நெயில்_எச்டிஎம்எல் ஃபில்டர் (வேர்ட்பிரஸ் தரும் மதிப்பை மாற்றும் ஹூக்) போதும். பிளாக் எடிட்டரில் அந்தப் பெட்டி ஜாவாஸ்கிரிப்டால் வரையப்படுவதால் ஃபில்டர் ஓடினாலும் பயனில்லை. எடிட்டர் ஸ்கிரிப்டில் அந்தப் பெட்டியை வரையும் கம்போனன்டைச் சுற்றி ஒரு பத்தி சேர்க்க வழி இருக்கிறது. அதைவிடச் சுருக்கமான வழி, பதிவு வகையின் லேபிளை, அதாவது திரையில் காட்டும் எழுத்தை, மாற்றுவது. போஸ்ட்_டைப்_லேபிள்ஸ்_போஸ்ட் ஃபில்டரில் செட்_ஃபீச்சர்ட்_இமேஜ் லேபிளுக்கு “படம் சேர்க்க (1200 × 675)” என்று கொடுத்தால் பொத்தானின் மேலேயே அளவு வந்துவிடும். இரண்டு எடிட்டரிலும் செல்லும், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். படம் வைத்தபின் எழுத்து மறைந்துவிடும், ஆனால் அப்போது தேவையும் முடிந்திருக்கும்.

தலைப்புப் பெட்டிக்கு என்டர்_டைட்டில்_ஹியர் ஃபில்டர். “நிகழ்வின் பெயர் மட்டும், தேதி வேண்டாம்” என்று மங்கலாக எழுதி வைக்கலாம். தட்டச்சு தொடங்கியதும் அது மறையும் என்பதால் முக்கியமான விதியை அங்கே வைக்கக் கூடாது. பகுப்புத் திரையில் புலங்களுக்குக் கீழே வரும் விளக்கங்களை 5.9 முதல் டாக்சானமியை (பகுப்பு முறையை) நிரலில் பதிவு செய்யும்போதே லேபிள்களில் மாற்றலாம். அதற்கு முன் கூடுதல் ஹூக் போட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது, அதிலும் திருத்தும் படிவம் அட்டவணை வடிவில் இருப்பதால் டிஆர், டிடி என்ற அட்டவணைக் குறிச்சொற்கள் இல்லாமல் அச்சிட்டால் எழுத்து படிவத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சொந்த அமைப்புப் பக்கத்தில் புலத்துக்குக் கீழே டிஸ்கிரிப்ஷன் கிளாஸோடு ஒரு பத்தி போட்டு, அதன் ஐடியைப் புலத்தின் ஏரியா-டிஸ்கிரைப்ட்பை பண்பில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவருக்குப் புலத்தில் நிற்கும்போது அந்தக் குறிப்பு கேட்காது.

இடம் சரியானபின் மிச்சம் வாசகம். முதலில் எழுதியது: “படத்தை உகந்த அளவில் பதிவேற்றவும்.” உகந்தது எது என்பதுதானே கேள்வியே. திருத்தியது: “அகலம் 1200, உயரம் 675 பிக்சல். முகம் நடுவில் இருக்கட்டும். முகப்பில் சதுரமாக வெட்டும்போது இரண்டு ஓரமும் 262 பிக்சல் அளவுக்குப் போய்விடும்.” எண் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. காரணம் தெரிந்தவர் குழுப்படம் ஏற்றும்போது தாமாகவே யோசிப்பார்.

குறிப்பு எழுதுமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இயந்திரமே சரிபார்க்க முடியுமா? முடியுமானால் குறிப்பு இரண்டாம் பட்சம். பதிவேற்றத்துக்கு முன் ஓடும் டபிள்யூபி_ஹேண்டில்_அப்லோட்_ப்ரீஃபில்டரில் அகலத்தைப் பார்த்து, 1200க்குக் குறைந்தால் எரர் என்ற இடத்தில் ஒரு வாசகம் வைத்துத் திருப்பி அனுப்பிவிடலாம். அந்த வாசகமே குறிப்பாகிவிடும்: “இந்தப் படத்தின் அகலம் 800. குறைந்தது 1200 வேண்டும்.” லோகோ, சின்னப் படம் ஏற்றுகிறவர்களையும் இது மறிக்கும் என்பதால் நிர்வாகிக்கு மட்டும் விலக்கு கொடுத்தாயிற்று.

இப்போதைய நிலை: உதவித் தாவல் ஒன்று, விட்ஜெட் ஒன்று, லேபிள் மாற்றங்கள் ஐந்து, பட்டை எதுவும் இல்லை. மீதி இருக்கும் வேலை, வாசகங்களைக் கோப்பிலிருந்து எடுத்து ஓர் அமைப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோவது. படத்தின் அளவு மாறும்போது பிஎச்பி கோப்பைத் திறக்க ஆள் தேட வேண்டியிருந்தால், குறிப்பில் பழைய அளவே நின்றுவிடும்.