குற்றவியல் படிக்கப் போய் மனு எழுதிய கதை

குற்றவியல் முதுகலையில் சேரப்போகிறேன் என்று சொன்னதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "முடிச்சா நேரா இன்ஸ்பெக்டரா?" இரண்டு வருடம் கழித்துப் படிப்பை முடித்து ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும்போதும் அதே கேள்விதான். நடுவில் எத்தனை முறை விளக்கம் சொன்னேன் என்று கணக்கில்லை. அதனால் இனிமேல் யார் கேட்டாலும் காட்டுவதற்கு ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன்.

இந்தப் பட்டத்தை வைத்து நேராகப் போலீஸ் ஆக முடியாது. எஸ்.ஐ. ஆக வேண்டுமென்றால் எல்லாப் பட்டதாரிகளையும் போல சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும், மைதானத்தில் ஓடித்தான் ஆக வேண்டும். ரத்தக்கறை, தலைமுடி, விஷம் எல்லாம் தடய அறிவியல். அது தனிப் படிப்பு, என்னைப் போல பி.காம். முடித்தவர்களுக்கு அங்கே வேலையில்லை. வக்கீலும் ஆக முடியாது. அப்புறம் என்னதான் படிக்கிறீர்கள் என்றால், ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், எது குற்றம் என்று யார் முடிவு செய்கிறார்கள், சிக்கியவனைப் போலீஸும் கோர்ட்டும் ஜெயிலும் என்ன செய்கின்றன, பாதிக்கப்பட்டவரை யார் கவனிக்கிறார்கள், இவைதான். தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறை இருக்கிறது. நான் எங்கே படித்தேன் என்பது வேண்டாம், பின்னால் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

2023-ல் சேர்ந்தேன். முதல் செமஸ்டர் முழுக்கக் கோட்பாடு. 1764-ல் பெக்காரியாவின் புத்தகம், 1876-ல் லொம்ப்ரோசோவின் புத்தகம் என்று வரிசையாக இத்தாலிக்காரர்கள். பிறவிக் குற்றவாளியை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம், பெரிய தாடை, நீண்ட கை, ஒரு மாதிரியான காது என்று லொம்ப்ரோசோ பட்டியல் போட்டதைச் சார் சொல்லச் சொல்ல, நாங்கள் ஒருவர் காதை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். சார் ஒன்றும் சொல்லவில்லை. போர்டில் 1871 என்று எழுதி, "இத்தாலியில அவர் புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே இங்க சட்டமே வந்தாச்சு" என்றார். குற்றப் பரம்பரைச் சட்டம். வடக்கே தொடங்கி 1911-ல் சென்னை மாகாணம் வரை வந்தது, பிறந்த சாதியைக் காரணம் காட்டி மொத்த ஊரையும் ரேகை வைக்கச் சொன்னது, எதிர்த்து நின்ற, மதுரை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. வகுப்பில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். "எங்க தாத்தாவோட அப்பா பொழுது சாஞ்சா ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணுமாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தான். அதன்பிறகு யாரும் யார் காதையும் பார்க்கவில்லை.

எண்களை நம்பாமல் படிக்கக் கற்றுக்கொண்டதும் அந்த வருடம்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்தர அறிக்கையில் ஒரு மாநிலத்தில் குற்றம் கூடியிருக்கிறது என்று வந்தால், அங்கே குற்றம் கூடியிருக்கலாம், அல்லது அங்கே புகாரை ஒழுங்காகப் பதிகிறார்கள் என்றும் இருக்கலாம். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அதில் பெரியது எதுவோ அது மட்டும்தான் கணக்கில் ஏறும். பாலியல் வன்முறை செய்து கொன்றிருந்தால் அது பாலியல் வன்முறைக் கணக்கில் ஏறாது. இதெல்லாம் பாடமாகக் கேட்டபோது மண்டையில் ஏறவில்லை. ரூம்மேட்டின் போனைப் பஸ் ஸ்டாண்டில் அடித்துவிட்டார்கள் என்று கூடப் போனபோதுதான் ஏறியது. ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, "தொலைஞ்சு போச்சுன்னு எழுதும்மா, திருட்டுன்னா உனக்குத்தான் அலைச்சல்" என்றார்கள். அப்படியே எழுதிக்கொடுத்தாள். எஃப்.ஐ.ஆர். இல்லை, மனு வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றுதான் கிடைத்தது. ஆக, அந்த வருடக் கணக்கில் அந்தத் திருட்டு நடக்கவே இல்லை. புகாரில் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்ற லலிதா குமாரி வழக்கின் 2013 தீர்ப்பை அதற்கு முந்தின வாரம்தான் இருவரும் மனப்பாடம் செய்து தேர்வெழுதியிருந்தோம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பேருக்கும் வாயே திறக்கவில்லை.

மனப்பாடம் என்றதும் 2024 ஜூலை 1 ஞாபகம் வருகிறது. முதல் வருடம் முழுக்க 302, 307, 379, 420 என்று உருப்போட்டு, லீவு முடிந்து திரும்பினால் கொலை 103-க்குப் போய்விட்டது. கொலை முயற்சி 109, திருட்டு 303, மோசடி 318. 511 பிரிவு இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் போய் 358 பிரிவோடு பாரதிய நியாய சன்ஹிதா. சரி, பழையதை மறந்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது, அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் என்பதால் இரண்டையும் சுமக்க வேண்டும். ஹாஸ்டல் சுவரில் இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு என்று சார்ட் ஒட்டி, பல் தேய்த்துக்கொண்டே படித்தோம். ஆனால் யாரையாவது 318 என்று திட்டினால் ரோஷமே வர மாட்டேன் என்கிறது.

உண்மையான பாடு ஆய்வேட்டில்தான். சிறைக்குள் இருப்பவர்களைப் பார்த்து, குடும்பத்தோடு அவர்களுக்கு இருக்கும் தொடர்பைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது என் தலைப்பு. ஆகஸ்ட் மாதம் அனுமதி கேட்டு எழுதினேன். கைடு கடிதம், துறைத் தலைவர் கடிதம், ஆய்வுச் சுருக்கம், கேள்விப் பட்டியல், ஆதார் நகல், எல்லாம் மூன்று செட். செப்டம்பரில் போன் செய்தால் தபால் பிரிவில் இருக்கிறது. அக்டோபரில் செக்‌ஷனுக்குப் போயிருக்கிறது. தீபாவளி முடிந்து கேட்டால், "இன்னொரு செட் அனுப்புங்க, பழசு கிடைக்கல." எந்த அலுவலகம் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தப் பக்கம் போன் எடுத்த மனிதர் ஒவ்வொரு முறையும் தன்மையாகத்தான் பேசினார். டிசம்பரில் கைடு மேடம் கடிதங்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார், "உள்ள போகத்தான பெர்மிஷன் வேணும்? கேட்டுக்கு வெளிய ரோடு. ரோட்டுக்கு யார்ட்ட கேக்கணும்?"

அப்படித்தான் தலைப்பு மாறியது. சிறைவாசிகளைப் பார்க்க வரும் குடும்பங்கள். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. இதை முன்னுரையில் அழகாக எழுதிவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளிப்போர்டும் கையுமாக ஜெயில் வாசலில் போய் நின்றேன்.

ஒருத்தரும் பேசவில்லை. கிளிப்போர்டு, ஷூ, கழுத்தில் அடையாள அட்டை என்று நான் நின்ற கோலத்தைப் பார்த்தால் நானே பேசியிருக்க மாட்டேன். ஆய்வு நெறி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி முதலில் சம்மதப் படிவத்தை நீட்டினேன். ஜெயில் வாசலில் முன்பின் தெரியாத ஆள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடு என்றால் யார் போடுவார்கள்? ஒரு அக்கா மட்டும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா எங்க வீட்டுக்காரர் கேசுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று கேட்டார். ஆகாது என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் இப்படியே போனது. எதிர் டீக்கடையில் பார்வையாளர்களின் செல்போனை வாங்கிப் பையில் போட்டு டோக்கன் கொடுப்பார்கள், ஒரு போனுக்குப் பத்து ரூபாய். அந்த டோக்கன்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது நாள் ஒரு பாட்டி வந்து, "பாப்பா, மனு எழுதத் தெரியுமா?" என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஜெயிலில் இருப்பவரை நேரில் பார்ப்பதற்குப் பெயரே மனுதான். மனு போட வேண்டும், மனு பார்க்க வேண்டும். சின்னத் தாள்தான்: உள்ளே இருப்பவர் பெயர், தகப்பன் பெயர், எந்த ஸ்டேஷன் கேஸ், பார்க்க வந்தவர் பெயர், விலாசம், உறவு முறை. எழுதிக் கொடுத்தேன். பின்னாலேயே இன்னொருவர். பத்து மணிக்குள் ஏழெட்டு எழுதியிருப்பேன். கிளிப்போர்டு அப்போதுதான் உருப்படியான வேலைக்கு ஆனது. எழுதி முடித்தவர்கள் உள்ளே கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள், நான் கேட்காமலே பேசினார்கள். சம்மதத்தை வாய்மொழியாக வாங்கி நான் குறித்துக்கொள்ளலாம் என்று மேடமும் சொல்லிவிட்டார்.

ஒரு பெண், முப்பது வயது இருக்கும், இடுப்பில் குழந்தை. எல்லாம் எழுதியாயிற்று, உறவு முறை மட்டும் பாக்கி. என்ன போட என்றேன். யோசித்தார். "பொண்டாட்டின்னு போடலாம்... ஆனா மூத்தவ திங்கக்கிழமை வந்து அப்படித்தான் போட்டிருப்பா." தங்கச்சி என்று போடவா என்றால் குழந்தையைப் பார்த்தார். கடைசியில் "சொந்தம்னு போடுங்க" என்றார். சொந்தம் என்றே எழுதினேன். அன்றைக்கு விட்டார்களா என்று தெரியவில்லை, அதற்குள் எனக்குப் பஸ் வந்துவிட்டது. என் கேள்விப் பட்டியலில் உறவு முறைக்கு நாலு கட்டம் போட்டிருந்தேன்: பெற்றோர், துணைவர், பிள்ளை, மற்றவர். ராத்திரி உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மாற்றி அடித்தேன்.

அறுபது பேர் என்று திட்டமிட்டது முப்பத்தேழில் நின்றது. பணம் எங்கே போகிறது என்று கேட்டால் வக்கீல் பீஸ் என்பார்கள் என்று நினைத்திருந்தேன். பஸ் காசும் அன்றைய கூலியும்தான் முதலில் வந்தது. அடுத்தது, ஜாமீன் கிடைத்தும் வெளியே எடுக்க முடியாத கதை. கோர்ட்டு இரண்டு பேர் ஜாமீன் (சூரிட்டி) நிற்க வேண்டும் என்கிறது, நிற்பவர் வீட்டு வரி ரசீது வைத்திருக்க வேண்டும், சொந்த வீடு உள்ள சொந்தக்காரர் இந்தக் கேசுக்காக கோர்ட்டுப் படி ஏற மாட்டேன் என்கிறார். முதல் முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீன் என்று குற்ற நடைமுறைக்கு வந்த இன்னொரு புதுச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ல் இருக்கிறது, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் போன்றவற்றுக்குக் கிடையாது. இதை ஒரு அண்ணனிடம் நான் ரொம்ப உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கும் சூரிட்டி கேப்பாங்கல்ல?" என்றார்.

மனு எழுதிக் கொடுத்ததில் ஒரு வில்லங்கம் இருந்தது. உதவி செய்து தகவல் வாங்குவது ஆய்வு நெறிக்குச் சரியா, நன்றிக்காகத்தானே பேசியிருப்பார்கள் என்று வைவாவில், அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. பேசினாலும் பேசாவிட்டாலும் எழுதிக்கொடுத்தேன் என்றும், பேசாதவர்களே அதிகம் என்றும் சொன்னேன். "அப்ப அதையும் எழுது" என்றார், வரம்புகள் பகுதியில் அரைப் பக்கம் சேர்த்தேன். ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த அரைப் பக்கம் அதுதான், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் மாய்ந்து மாய்ந்து போட்ட அட்டவணைகளை நானே மறுபடி பார்க்கவில்லை. அனுமதிக் கடிதம் இன்றுவரை வரவில்லை.

இப்போது குழந்தைகள் பாதுகாப்பு சம்பந்தமான வேலையில் இருக்கிறேன், ஒப்பந்தம்தான், சம்பளம் சித்தப்பாவிடம் சொல்லும்படி இல்லை. கூடப் படித்தவர்களில் ஒருத்தி எஸ்.ஐ. தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள், உசிலம்பட்டிப் பையன் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிக்கிறான், இரண்டு பேர் வங்கி மோசடி விசாரிக்கும் தனியார் வேலைக்கு பெங்களூர் போய்விட்டார்கள், மூன்று பேர் இந்தப் பக்கமே இல்லை. சேர நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஜூனியர் ஒருத்தி போன் செய்து அதே ஜெயில் வாசலுக்குப் போகப்போவதாகச் சொல்லி என் கேள்விப் பட்டியலைக் கேட்டாள். அனுப்பினேன். ஷூ வேண்டாம், செருப்பு போதும், அடையாள அட்டை பைக்குள் இருக்கட்டும், பேனா ஐந்தாறு எடுத்துக்கொள், பாதி திரும்பி வராது என்றும் சொல்லி வைத்தேன்.