வெயிலில் நடந்த வகுப்பு

2017 டிசம்பர். சீனாவின் ஹெபெய் மாகாணம், சூயாங் வட்டம். வகுப்பறைக்குள் உட்கார முடியாத குளிர். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் முற்றத்து வெயிலில் மேசை போட்டுப் படித்தார்கள். அந்தப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பெய்ஜிங் வட்டாரக் காற்றைச் சுத்தமாக்க 2013-ல் போட்ட திட்டத்துக்கு 2017-தான் கெடு. புகையைக் குறைக்க, குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்புகளை அதிகாரிகள் பிடுங்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வரவேண்டிய எரிவாயுக் குழாயோ பல ஊர்களுக்கு வந்து சேரவே இல்லை. வந்த இடத்திலும் தட்டுப்பாடு, விலையும் கூடுதல். கடைசியில் சுற்றுச்சூழல் அமைச்சகமே இறங்கி வந்து, வேலை முடியாத இடங்களில் நிலக்கரி எரிக்கலாம் என்றது.

பெய்ஜிங் காற்று நிஜமாகவே தெளிந்தது, மறுக்கவில்லை. ஆனால் குழாய் வரும் முன்னே அடுப்பை எடுக்க எப்படி மனசு வந்தது? பென்சில் பிடிக்க முடியாமல் விறைத்தது அந்தக் குழந்தைகளின் விரல்கள்தானே.