டம்ளருக்குள் நான் இல்லாத ஒரு படம்

எவர்சில்வர் டம்ளரைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். கடைசியில் என் பிம்பம் விழாத படம் வந்துவிட்டது: ஜன்னல் கம்பி இல்லை, ட்ரைபாட் கால் இல்லை, முக்கியமாக என் கட்டம் போட்ட லுங்கி இல்லை. வெறும் டம்ளர், வெறும் வெளிச்சம்.

போலரைசர் (லென்ஸில் மாட்டி, பட்டுத் திரும்பும் ஒளியை வெட்டும் ஃபில்டர்) போட்டால் பிம்பமெல்லாம் போய்விடும் என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். போகாது. தண்ணீரிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி, ஒரு குறிப்பிட்ட சாய்வில் ஒரே தளத்தில் அதிரும்; தண்ணீருக்கு அது நேர்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி. அந்தத் தளத்து ஒளியைப் போலரைசர் மறித்துவிடும், அதனால் அங்கே வெட்டலாம். பாலிஷ் போட்ட உலோகத்தில் அந்த வேலை நடக்காது. ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் போனாலே வெளிச்சம் பாதி) போனதுதான் மிச்சம்.

விஷயம் டம்ளரின் சரிவில் இருக்கிறது. நம் காபி டம்ளர் வாய் அகன்று அடி குறுகியது இல்லையா, அதனால் அதன் சுவர் லேசாகக் கீழே பார்த்தபடிதான் நிற்கிறது. சுவர் 8 டிகிரி சாய்ந்திருந்தால், நேரெதிரே இருக்கும் கேமராவின் பார்வை அதில் பட்டு 16 டிகிரி கீழே இறங்கிவிடும். அதாவது டம்ளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மேஜையைப் பார்க்கிறது. நான் மேஜை ஓரத்தில் வைத்திருந்ததால் பார்வை விளிம்பைத் தாண்டி லுங்கியில் போய் முட்டியிருக்கிறது! டம்ளரை அரை அடி உள்ளே தள்ளி, முன்னால் ஒரு வெள்ளைச் சார்ட்டை விரித்து, கேமராவைக் கொஞ்சம் உயர்த்தினேன். லுங்கி காலி.

அதோடு முடியவில்லை. சுற்றிலும் வெள்ளை ஆனதும் டம்ளர் பேப்பர் கப் மாதிரி ஆகிவிட்டது. உலோகம் உலோகமாகத் தெரிய அதில் கறுப்பும் வேண்டும். இரண்டு பக்கமும், ஃப்ரேமுக்குச் சற்று வெளியே, கறுப்புப் பட்டை ஒவ்வொன்றை நிற்க வைத்தேன். பட்டையை அரை அங்குலம் உள்ளே நகர்த்தினால் டம்ளரின் ஓரக்கோடு தடிக்கிறது, பின்னால் தள்ளினால் மெலிகிறது. இந்த நகர்த்தலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனது. “ஏம்ப்பா, காபி குடிக்கவா, படம் புடிக்கவா?” என்று அம்மா கேட்டுவிட்டுப் போனார்.

உருட்டி மடித்த விளிம்பு மட்டும் தனி ரகம். அது எல்லாப் பக்கமும் பார்க்கும். மின்விசிறி, கேமரா, நான் எல்லோரும் அதில் பொட்டுப் பொட்டாக நிற்போம். மேலே ட்ரேசிங் பேப்பரைக் கூரை மாதிரி கட்டி, முன்பக்கம் வேட்டியைத் தொங்கவிட்டு, லென்ஸ் அளவுக்கு மட்டும் சந்து விட்டேன். ஆட்டோஃபோகஸ் விளிம்பை விட்டுவிட்டுப் பிம்பத்தைப் பிடிப்பதால் மேனுவல் ஃபோகஸ், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11. வெள்ளையைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் ஒரு ஸ்டாப் கூட்டல், அது வழக்கம்தான்.

ட்ரேசிங் பேப்பர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கியது. பெரிய தாளாகக் கேட்டு வாங்குங்கள், ஒட்டுப் போட்டால் அந்தக் கோடு விளிம்பில் தெரியும். கறுப்புச் சார்ட் பேப்பரை நம்பாதீர்கள், சாய்வான வெளிச்சத்தில் அது பளபளத்துச் சாம்பலாகிவிடுகிறது. வெல்வெட் துண்டுத்துணிதான் கறுப்பு.

அந்த வெல்வெட்டால்தான் இப்போது புது வம்பு. இந்த டம்ளர் பாட்டியின் சீர்ப் பாத்திரம். அவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. வெள்ளைச் சார்ட்டில் அந்தப் பெயர் சுத்தமாகக் காணாமல் போகிறது. சும்மா பார்க்கலாமே என்று சார்ட்டை எடுத்துவிட்டு வெல்வெட்டை விரித்தேன். சுவர் முழுக்க இருண்டு, ஒவ்வொரு புள்ளிப் பள்ளமும் ஜன்னல் வெளிச்சத்தைத் தனித்தனியாகப் பிடித்து மின்னியது. துணைக்காலின் வளைவில் உளி சற்று வழுக்கிய இடம்கூடத் தெரிகிறது. ஆனால் கடைசி இரண்டு எழுத்து வளைவில் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறது, அங்கே கண்ணைப் பறிக்கும் வெள்ளை. டம்ளரைத் திருப்பினால் முதல் எழுத்து சாய்ந்து குறுகுகிறது. ஜன்னலைச் செய்தித்தாளால் அடைத்து ஒரு கை அகலம் மட்டும் திறந்து பார்க்க வேண்டும்.

அதற்குள் மனசு வேறு பக்கம் போய்விட்டது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே போலரைஸ் ஆனது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது. உலோகத்தில் பட்டுத் திரும்பினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து அதையே விளக்காக்கினால், வீணாகக் கிடக்கும் அந்தப் போலரைசருக்கு வேலை கிடைக்கும். ரிச்சி தெருவில் பழைய மானிட்டர் ஏதாவது மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். பித்தளைச் சொம்பும் வரிசையில் நிற்கிறது, அதைப் புளி போட்டுத் தேய்க்க வீட்டில் யாரும் தயாராக இல்லை.