நெட் தேர்வுக்கு ஜேக்-ஸ்டாட் படிக்கிறவர்களுக்கு

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸில் பார்ட் சி-யில் 75 கேள்வி இருக்கும், 25-க்கு எழுதினால் போதும், ஒன்றுக்கு 4 மார்க், தப்பானால் அதில் கால்வாசி போய்விடும். இம்யூனாலஜியும் செல் சிக்னலிங்கும் ஒரே யூனிட்டில்தான் வருகின்றன. ஆனாலும் நிறையப் பேர் இரண்டுக்கும் தனித்தனி நோட் போட்டு, சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல விடும் சின்னப் புரதங்கள்) பட்டியலை ஒரு பக்கமும் மருந்துப் பெயர்களை இன்னொரு பக்கமும் உருப்போடுகிறார்கள். வீண் வேலை.

ரிசப்டரிலிருந்து ஆரம்பியுங்கள். ஜேக்-ஸ்டாட் பாதையில் வரும் சைட்டோகைன் ரிசப்டர்களுக்குச் சொந்தமாகக் கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஒட்டும் நொதி, கிடையாது, உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜேக் என்ற கைனேஸ்தான் பாஸ்பேட் போடும், அதை வாங்கிக்கொண்டு ஸ்டாட் என்ற புரதம் நியூக்ளியஸுக்குப் போய் மரபணுக்களை இயக்கும். ஜேக்1, ஜேக்2, ஜேக்3, டிக்2 என்று மொத்தமே நான்கு. ஐஎல்-2, 4, 7, 9, 15, 21 ஆறுக்கும் பொது காமா சங்கிலி, அங்கே ஜேக்1-ம் ஜேக்3-ம். ரத்தச் சிவப்பணு உருவாகத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினுக்கு இரண்டு பக்கமும் ஜேக்2. வைரஸை எதிர்க்கும் ஆல்ஃபா இன்டர்ஃபெரானுக்கு ஜேக்1-ம் டிக்2-ம். ஐஎல்-12, ஐஎல்-23-க்கு ஜேக்2-ம் டிக்2-ம்.

இது கைக்கு வந்துவிட்டால் ஜேக்கைத் தடுக்கும் மருந்துகள் தானாக வந்து உட்காரும். 2011-இல் அனுமதி பெற்ற ருக்சோலிடினிப் ஜேக்2-வையும் தடுக்கிறது, அப்புறம் ரத்தசோகை வராமல் என்ன செய்யும்? முடக்குவாதத்துக்கு 2012-இல் வந்த டோஃபாசிடினிப் சாப்பிடுகிறவர்களுக்கு அக்கி வரும் ஆபத்து கூடுவதற்கும் இன்டர்ஃபெரான் வழி அடைபடுவது ஒரு காரணம். ஜேக்3 மரபணு பழுதான குழந்தைக்கு டி செல்லும் என்கே செல்லும் இருக்காது, பி செல் இருக்கும். காமா சங்கிலி பழுதானாலும் அதே கதைதான்.

எனக்குப் பிடித்தது 2022-இல் சொரியாசிஸுக்கு வந்த டியூக்ராவாசிடினிப். மற்றவை போல, பாஸ்பேட் தரும் ஏடிபி உட்காரும் இடத்துக்கு அது போட்டி போடுவதில்லை, டிக்2-வின் போலிக் கைனேஸ் பகுதியில் ஒட்டிக்கொண்டு அந்த நொதியை அணைத்துவிடுகிறது. ஐஎல்-23 அடங்கினால் சொரியாசிஸ் அடங்கும்.

ஒரு பொறி இருக்கிறது. டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-17 எதுவும் ஜேக் வழியாகப் போவதில்லை, அவற்றுக்கு என்எஃப்-கப்பா பி என்ற வேறொரு சிக்னல் பாதைதான் முக்கியம். பிறகு முடக்குவாதத்தில் டோஃபாசிடினிப் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், டிஎன்எஃப் தூண்டிவிடும் ஐஎல்-6 போன்றவை ஜேக்கைத்தானே நம்பியிருக்கின்றன. ஸ்டாட் ஏழையும் படிக்க நேரமில்லையா, சரி, ஐஎல்-12-க்கு ஸ்டாட்4, ஐஎல்-4-க்கு ஸ்டாட்6, ஐஎல்-6-க்கு ஸ்டாட்3, இந்த மூன்றையாவது விடாதீர்கள்.