கடுங்குளிரில் செல்ஃப் எடுக்காத கார்: பேட்டரியை மாற்றுவதற்கு முன் நான் பார்த்தவை

மைனஸ் 12 டிகிரி. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சுற்றவில்லை. ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாக ஒரு சத்தம், அதோடு டேஷ்போர்டு விளக்குகளும் மங்கி மங்கி எரிந்தன. கேட்டவர்கள் எல்லோரும் “பேட்டரி போச்சு, புதுசு வாங்கிப் போடு” என்றே சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த பேட்டரி அவ்வளவு பழசு இல்லை.

முதலில் அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சாலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) கொஞ்சம் கரண்ட் கிடைத்தாலே உள்ளே இழுத்துக்கொள்ளும். அது இழுத்ததும் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் சரிய, சாலினாய்டு பிடியை விட்டுவிடும். விட்டதும் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். இது மாறி மாறி நடப்பதுதான் அந்த டக்டக். ஆக, மோட்டாருக்குப் போதிய கரண்ட் வந்து சேரவில்லை என்று மட்டும்தான் இந்தச் சத்தம் சொல்கிறது. குறை பேட்டரியிலும் இருக்கலாம், வழியிலும் இருக்கலாம்.

மற்ற சத்தங்கள் வேறு கதை. விளக்கு மங்காமல் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், சாலினாய்டின் உள் தொடுமுனையையோ மோட்டாரையோ சந்தேகப்படலாம். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் மோட்டார் முனையில் இருக்கும் பினியன் பல், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தில் போய் மாட்டவில்லை. ‘கர்ர்ர்’ என்று அரைத்தால் உடனே நிறுத்திவிடுங்கள், ஃப்ளைவீல் பல்லே தேய்ந்துவிடும்.

சாதாரண மல்டிமீட்டரை எடுத்தேன். இரவு முழுக்க ஓடாமல் நின்ற பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. நிறைவாக சார்ஜ் இருந்தால் 12.6-க்கு மேல் இருக்கும், 12.2 என்றால் பாதிதான். என் பேட்டரி மோசமில்லை. ஆனால் சும்மா இருக்கும்போது வரும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. நண்பரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்தேன். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது. எனக்கோ எண்கள் நிலைகொள்ளாமல் தாவி, அவ்வப்போது 3 வோல்ட்டைத் தாண்டின. கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் படலம். வெளியே பார்க்க சுத்தமாகத்தான் இருந்தது.

வெயில் காலத்தில் இதே படலத்தோடு வண்டி ஓடியதே? குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடும். அதைச் சுற்ற மோட்டார் கூடுதல் கரண்ட் கேட்கும். கரண்ட் கூடக்கூட அதே அழுக்குப் படலத்தில் இழக்கும் வோல்ட்டேஜும் கூடும். பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையும் அந்த நேரத்தில்தான் மந்தமாகிறது. வெயிலில் மறைந்திருந்த குறையைக் குளிர் வெளியே கொண்டுவந்துவிட்டது.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலே ஷார்ட் ஆகும். சமையல் சோடா கலந்த தண்ணீரைத் தடவி, நுரை அடங்கியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டேன். இறுக்கி முடித்த பிறகு மேலே வாஸ்லின். வண்டி முதல் திருப்பலிலேயே எடுத்தது.

பேட்டரி தப்பித்தது என்பதற்காக அதை அப்படியே விட்டுவிட முடியாது. சார்ஜ் நிறைந்த பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது. முழுக்க இறங்கியதோ மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்துவிடும். பக்கம் உப்பியிருந்தால், இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் கேபிளைத் தொடவே வேண்டாம், உறைந்த பேட்டரி வெடிக்கக்கூடும். பக்கத்துத் தெருவரை மட்டும் போய்வந்தால், ஸ்டார்ட் பண்ணச் செலவான சார்ஜே திரும்பி ஏறாது. குளிர்ந்த பேட்டரி சார்ஜை வாங்குவதும் மெதுவாகத்தான். வெளியே போகாத வாரங்களில் இப்போது சார்ஜரில் போட்டுவிடுகிறேன்.

புது பேட்டரி வாங்க நேர்ந்தால் ‘சிசிஏ’ எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பது அது. கியர் வண்டி என்றால் கிளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள், கியர்பாக்ஸின் கெட்டியான ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் பாரம் மோட்டாருக்குக் குறையும்.

ஸ்டார்ட் ஆனதும் சில விநாடி ‘கீச்’ என்று ஒரு சத்தம் இன்னும் வருகிறது. ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் வழுக்குகிறது போலிருக்கிறது. பெல்ட்டின் இறுக்கத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.