தளர்வின் வேகம்: தைராய்டும் இதயத்தசையின் கால்சியமும்

4 மார்ச் 2024, திங்கள்

இதயம் சுருங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அது தளர்வதும் ஆற்றல் செலவாகும் வேலை என்பதை மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஓய்வு நிலையில் செல்லினுள் 100 நானோமோலார் அளவில் இருக்கும் கால்சியம் துடிப்பின்போது ஏறக்குறைய பத்து மடங்கு உயர்கிறது. உயர்ந்ததெல்லாம் அடுத்த துடிப்புக்கு முன் அகற்றப்பட்டாக வேண்டும். எலியின் செல்லில் இதில் சுமார் 92 சதவீதத்தைச் செல்லின் கால்சியக் கிடங்கான சார்கோபிளாச வலைக்குள் திரும்ப ஏற்றுவது செர்க்கா என்னும் புரதம். முயலில் அதன் பங்கு 70 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதியைச் சோடியம்-கால்சியம் பரிமாற்றி வெளியேற்றுகிறது. மனித இதயம் இவ்வகையில் முயலையே ஒத்தது என்பதால், எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்லிவிடக் கூடாது.

6 மார்ச், புதன்

தைராய்டு சுரப்பு மருந்தால் குறைக்கப்பட்ட எலிகளின் கீழறைச் செல்களில், கால்சியத்தின் அளவை ஒளியால் காட்டும் ஃப்யூரா-2 சாயத்தை ஏற்றி, மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தோம். திரையில் கால்சியத்தின் கோடு விறுவிறுவென்று ஏறியது. இறங்கும்போதோ வால் நீண்டு, அடிமட்டத்தைத் தொடுவதற்குள் அடுத்த தூண்டல் வந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்குத் தயங்கியது. தைராய்டு குறைபாட்டின் அடையாளத்தைத் தேட வேண்டிய இடம் அந்த இறக்கம்தான்.

9 மார்ச், சனி

காரணம் உட்கருவில் இருக்கிறது. இரத்தத்திலிருந்து செல்லுக்குள் வரும் டி3 என்னும் தைராய்டு ஹார்மோன், ஆல்பா-1 வகைத் தைராய்டு ஏற்பியுடன் சேர்ந்து, செர்க்கா மரபணுவின் முன்பகுதியில் செயல்பட்டு அதன் உற்பத்தியைக் கூட்டுகிறது. அதே வேளையில் பாஸ்போலாம்பனின் உற்பத்தி குறைகிறது. 1974-இல் ஆர்னால்ட் காட்ஸின் குழு கண்டறிந்த இந்தப் புரதம், 52 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய மூலக்கூறாக இருந்தும், செர்க்காவுக்குப் பெரிய முட்டுக்கட்டை. ஹார்மோன் குறைந்தால் செர்க்கா குறைந்து முட்டுக்கட்டை பெருகுவதால், பாதிப்பு இரு பக்கமும் சேர்ந்து வருகிறது. எனவே இரண்டில் ஒன்றின் அளவை மட்டும் தந்துவிட்டு முடிவு சொல்லும் கட்டுரைகள் எனக்கு நிறைவளிப்பதில்லை. பார்க்க வேண்டியது இரண்டுக்கும் இடையிலான விகிதம்.

10 மார்ச், ஞாயிறு

அட்ரினலினும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது, ஆனால் வேறு வழியில். அட்ரினலினை ஏற்கும் பீட்டா ஏற்பி தூண்டப்பட்டதும் புரத கைனேஸ் ஏ என்னும் நொதி, பாஸ்போலாம்பனின் 16-ஆம் இடத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, முட்டுக்கட்டை நொடிகளில் விலகிவிடுகிறது. தைராய்டு ஹார்மோனோ புதிய புரதத்தை உருவாக்க வைத்தாக வேண்டும். அதற்கு மணிக்கணக்காகவும் நாள்கணக்காகவும் ஆகும். இங்கே என்னை மிகவும் ஈர்ப்பது இன்னொன்று: தைராய்டு மிகுந்த இதயத்தில் பாஸ்போலாம்பன் ஏற்கெனவே குறைந்திருப்பதால், தளர்வை மேலும் விரைவுபடுத்த அட்ரினலினுக்கு எஞ்சியிருக்கும் இடம் சிறிது. அத்தகைய நோயாளிக்குப் பீட்டா தடுப்பு மருந்து கொடுத்தால் நாடித்துடிப்பு அடங்கும். மரபணு வழியாகக் கூடிவிட்ட செர்க்காவை அது நேரடியாகக் குறைக்காது.

13 மார்ச், புதன்

தைராய்டு குறைந்தவரின் எக்கோ பரிசோதனையில், வால்வுகள் எல்லாம் மூடியிருக்க இடது கீழறை தளரும் அந்தச் சிறு இடைவெளி நீண்டிருக்கும். தைராக்சின் ஹார்மோன் சிகிச்சையில் அது பெரும்பாலும் சீராகிறது. அவருடைய கணுக்காலைச் சுத்தியலால் தட்டினாலும் பாதம் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பும். அங்கும் தசை தளர்வதற்குக் கால்சியம் வலைக்குள் திரும்பியாக வேண்டும். அடுத்த வாரம், டி3 கொடுத்த செல்களில் அந்த நீண்ட வால் எத்தனை மணி நேரத்தில் சுருங்கத் தொடங்குகிறது என்று அளக்கப் போகிறோம்.